ஹென்றிக்கு மட்டும் ஏன் இத்தனை அடி? கிங்டம் கம் ஆட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

காட்டுப் பாதையில் ஒரு வழிப்பறிக்காரன் நிற்கிறான். ஒரே ஆள்தான், கையில் கோடரி. வேறு எந்த ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) ஆட்டமாக இருந்தாலும் பத்து நொடி வேலை. இங்கே ஹென்றி மண்ணில் கிடக்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு முன் சேமித்து வைத்த நிலை (சேவ்) திறக்கிறது. பறித்த மூலிகை, கற்ற வித்தை, பேசி முடித்த விவகாரம் எல்லாம் போச்சு.

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' ஆட்டத்தின் முதல் பத்து மணி நேரம் பெரும்பாலானோருக்கு இப்படித்தான் கழியும். செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2018-இல் வெளியிட்ட ஆட்டம் இது. கதை நடப்பது 1403-இல், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில். மந்திரம் இல்லை, டிராகன் இல்லை. நாயகன் ஹென்றி, ஸ்காலிட்ஸ் ஊர்க் கொல்லரின் மகன். அவனுக்கு வாளும் பிடிக்கத் தெரியாது, எழுத்தும் தெரியாது. 2025-இல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது.

ஆட்டத்தை 'அநியாயம்' என்று திட்டுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் இரண்டாம் முறை ஆடியபோது ஒன்று புரிந்தது. அந்த அநியாயத்தில் பாதி, மற்ற ஆட்டங்களிலிருந்து நாம் மூட்டை கட்டி எடுத்து வந்த பழக்கம்.

முதல் பழக்கம், குவெஸ்ட் (ஆட்டம் நமக்குத் தரும் வேலை) நமக்காகக் காத்திருக்கும் என்ற நம்பிக்கை. உலகம் அழியப்போகிறது என்று கதை கதறும்போதும் நாம் நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆட்டங்கள் எத்தனை! இங்கே அது செல்லாது. மெர்ஹோயெட் கிராமத்தில் ஒரு நோய் பரவியிருக்கும். நோயாளிகளைப் பார்த்துப் பேசிவிட்டு, 'சரி, அப்புறம் பார்க்கலாம்' என்று வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பினால் அங்கே பிணங்கள்தான் இருக்கும். அதற்காக ஆட்டம் மணி அடித்து எச்சரிப்பதில்லை, மூலையில் கடிகாரம் ஓடுவதும் இல்லை. எதிரே நிற்பவர் பேசுவதை நாம் காதில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 'உடனே', 'விடிவதற்குள்', 'காத்திருக்கிறார்கள்' மாதிரி ஒரு சொல் வந்தால் அதுதான் கெடு. வசனத்தைத் தட்டித் தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழும்.

இரண்டாம் பாகத்தில் டிராஸ்கி கோட்டையில் ஹென்றியின் நண்பனான இளம் பிரபு ஹான்ஸ் கேப்பனைத் தூக்கிலிடப் போகிறார்கள். களைப்பாக இருக்கிறதே என்று ஹென்றியை நன்றாகத் தூங்கவிட்டால், ஹான்ஸும் இல்லை, ஆட்டமும் இல்லை. தூக்கமும், வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து நேரே அங்கே போகும் ஃபாஸ்ட் டிராவலும் நேரத்தைத் தின்னும் என்பதை மறந்தே போகிறோம். கையில் அவசர வேலை ஒன்று இருக்கும்போது அடுத்ததைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது திருட்டு. இதைப் பற்றித்தான் புலம்பல் அதிகம். 'யாருமே பார்க்கவில்லை, எப்படிப் பிடித்தார்கள்?' ராத்திரி ஒரு வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியைத் திறந்து, சத்தமில்லாமல் வெளியே வந்திருப்போம். மறுநாள் தெருவில் ஒரு காவலர் நிறுத்திச் சோதனை போடுவார். பொருள் அகப்படும். அபராதம் கட்டக் கையில் குரோஷென் (ஆட்டத்தின் காசு) இல்லையென்றால் சிறை, வெளியே வரும்போது உடம்பு தளர்ந்த ஹென்றி.

நடந்தது இதுதான். திருடிய ஒவ்வொரு பொருளுக்கும் 'திருட்டு' என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கடைக்காரர் அதை வாங்கமாட்டார். நாள் போகப் போகத்தான் அடையாளம் மறையும். எனவே திருடிய கையோடு அதே ஊரில் சுற்றக் கூடாது. சொந்தப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், அல்லது மாவு மில்காரரிடம் கொண்டுபோங்கள். ஆம், இந்த ஆட்டத்தில் மில்காரர்கள்தான் திருட்டுப் பொருள் வாங்குகிறவர்கள். ராட்டாய் நகரில் பெஷெக் என்று ஒருவர் இருக்கிறார். பூட்டு திறக்கக் கற்றுக்கொடுக்கும் குருவும் அவரே.

இரண்டாம் பாகத்தில் ஊர்க்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் மூளை வைத்துவிட்டார்கள். திருடியதை யாரும் பார்த்திருக்கத் தேவையில்லை. அந்த வீட்டுப் பக்கம் நீங்கள் சுற்றிக்கொண்டிருந்ததை ஒருவர் பார்த்திருந்தாலே, பொருள் காணாமல்போன பிறகு சந்தேகம் உங்கள் மேல் விழும். தண்டனையும் அபராதத்தோடு நிற்காது. ஊர் நடுவே தொழுமரத்தில் பூட்டுவார்கள், பிரம்படி உண்டு, சூடு போடுவார்கள், கடைசியாகத் தூக்கு. எரிச்சல்தான். ஆனால் இதை என்னால் அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. புதிதாக வந்த ஆள் ராத்திரி என் வீட்டைச் சுற்றி வந்தால் நானும் அவனைத்தான் சொல்வேன். இருட்டிய பிறகு ஊருக்குள் தீப்பந்தம் இல்லாமல் நடப்பதே குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சண்டையில் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. பயிற்சியைத் தாவிவிடுவது. ராட்டாயில் கேப்டன் பெர்னார்டு இருக்கிறார். அவரிடம் மரவாளோடு எத்தனை முறை வேண்டுமானாலும் மோதலாம், செலவில்லை. எதிரியின் வீச்சைத் தடுத்த கையோடு திருப்பி அடிக்கும் மாஸ்டர் ஸ்ட்ரைக் கற்காமல் காட்டுக்குள் போய்விட்டு, கன்ட்ரோல் சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. சில சண்டைகள் தோற்பதற்காகவே எழுதப்பட்டவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரைப் புதைக்க ஸ்காலிட்ஸ் திரும்பும்போது ரண்ட் என்ற கொள்ளைக்காரனோடு வரும் சண்டை அப்படி. அதை ஜெயிக்க ராத்திரி முழுக்கப் பழைய சேவ் திறந்து (லோட் செய்து) ஆடியவர்களை எனக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் வரும் குடிகாரன் குனேஷ் வேறு வகை. அப்பாவுக்குத் தர வேண்டிய கடனைக் கேட்கப் போனால் அவன் அடிப்பான், நாம் விழுவோம். குவெஸ்ட் அங்கே முடிந்துவிடாது. நண்பர்களைக் கூட்டி வரலாம், அவன் பெட்டியிலிருந்து சாமானை எடுத்துக்கொள்ளலாம். தோல்வியும் ஒரு வழிதான் என்று ஆட்டம் அங்கேயே சொல்லிவிடுகிறது. நாம்தான் கவனிக்காமல் பழைய சேவ் எங்கே என்று தேடுகிறோம்.

சேவ் விஷயம் சுருக்கமாக. சேவியர் ஸ்னாப்ஸ் என்ற மதுவைக் குடித்தால்தான் நினைத்த இடத்தில் சேவ் ஆகும். அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. ரசவாதம் கற்று, பெல்லடோனாவும் காஞ்சொறியும் பறித்து நீங்களே காய்ச்சுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் போதை ஏறும். வாடகை அறைக் கட்டிலில் தூங்கினாலும் சேவ் ஆகும். ஆட்டத்தை மூடும்போது சேவ் செய்யும் வசதி பிறகு வந்த அப்டேட்டில் சேர்ந்தது.

நிஜமாகவே வெறுப்பேற்றும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாசாவ் மடாலயம். புதுத் துறவி வேடத்தில் உள்ளே போய், நான்கு பேரில் நாம் தேடும் ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆயுதம், கவசம் எல்லாம் பறிபோகும். பூசை, சாப்பாடு, வேலை, உறக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்த நேரம். அந்த நேரத்தைத் தவறவிட்டால் தனிச்சிறை. யோசனை அருமைதான், ஆனால் மூன்றாம் நாள் அதே தாழ்வாரத்தில் நடக்கும்போது கொட்டாவி வருகிறது. இதில் ஆட்டத்தின் பக்கம் என்னால் பேச முடியாது. வெளியே இருக்கும் அவசர வேலைகளை முடித்துவிட்டு, படிக்கவும் பூட்டு திறக்கவும் ரசவாதத்துக்கும் கற்றுக்கொண்டு உள்ளே போனால் வேதனை பாதியாகும்.

ஊஷிட்ஸ் பாதிரியார் காட்வின் குவெஸ்டில் மட்டும் அவசரப்படாதீர்கள். அவரிடம் ஒரு விஷயம் கேட்கப் போய், ராத்திரி முழுக்கச் சேர்ந்து குடித்து, எல்லாம் கைமீறிப் போனது போலத் தோன்றும். விடியும்போது தலை கனக்கும். லோட் பட்டனைத் தேடிக் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் அவருக்குப் பதிலாக ஹென்றி தேவாலயத்தில் பிரசங்கம் செய்யப் போகிறான்.