புதியவர்களுக்கு முதல் ரோல்பிளே ஆட்டம்: மூன்று மணி நேரத்தில் நடத்துவது எப்படி

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு கதையை வளர்ப்பதுதான் டேபிள்டாப் ரோல்பிளே. ஒருவர் கதைசொல்லி (கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம் என்பார்கள்), மற்றவர்கள் கதைக்குள் இருக்கும் ஆட்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடையை உருட்டிப் பார்ப்போம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்த ஆட்டம்.

நான் முதல் தடவை நடத்தியபோது விதிகளை மட்டுமே முக்கால் மணி நேரம் விளக்கினேன். அத்தை மகன் பாதியிலேயே கைபேசியை எடுத்துவிட்டான், அடுத்த வாரம் கூப்பிட்டதற்கு வேலை இருக்கிறது என்றான். அதற்குப் பிறகு ஒரே ஒரு கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: புதிதாக வந்தவர் கதவைத் தாண்டி உள்ளே வந்த பத்து நிமிடத்துக்குள் முதல் பகடையை உருட்டியிருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. ஆட்கள், இடம், நேரம்

நான்கு ஆட்டக்காரர்கள் போதும். ஆறு பேர் வந்தால் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டு, கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே இருக்கும் வாய்ட் டெக் (திறந்த தரைத்தளம்) கல் மேசையில் ஆடலாம், ஆனால் எதிரொலியில் மெல்லப் பேசுபவர் குரல் காணாமல் போகும். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் தேர்வு. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடித்தால் கட்டாயத் தேசிய சேவை முகாமிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும் தம்பிகளும் கலந்துகொள்ளலாம், யாரும் கடைசி ரயிலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பரோட்டாவையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், எண்ணெய்க் கையோடு தாளைத் தொட்டால் எண்கள் அழிந்துவிடும்.

2. விதிகளை ஒரு தாளில் அடக்குங்கள்

கடையில் விற்கும் பகடை செட்டில் ஏழு இருக்கும். அதில் 20 முகப் பகடையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஆறையும் உறையிலேயே வைத்துவிடுங்கள். எந்தப் பகடை எப்போது என்ற குழப்பம் ஒன்றே முதல் நாள் உற்சாகத்தில் பாதியைத் தின்றுவிடும்.

விதி இவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் பலம், கைவேகம், அறிவு, பேச்சு என்று நான்கு திறன்கள். ஒன்றில் +3, இரண்டில் +1, மிச்சமுள்ள ஒன்றில் 0. பகடையை உருட்டி, பொருத்தமான திறனைக் கூட்ட வேண்டும். சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 வர வேண்டும். இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுத்த அளவுதான்.

இந்த எண்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். +3 உள்ளவர் 15ஐத் தொட, பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 20இல் 9 முகங்கள், 45 சதவீதம். தனக்குக் கைவந்த வேலையிலேயே பாதிக்கு மேல் தோற்றால் புதியவருக்கு மனசு விட்டுப்போகும். அதே ஆள் 10ஐ எட்ட 70 சதவீத வாய்ப்பு. அதனால் முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் 10, உச்சக்கட்டத்தில் மட்டும் 15. யாராவது நல்ல யோசனை சொன்னால் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த 45 சதவீதம் ஏறக்குறைய 70 ஆகிவிடும். நல்ல யோசனைக்குப் பலன் கிடைக்கிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் யோசனைகள் தானாகக் கொட்டும்.

3. பாத்திரங்களை நீங்களே எழுதிவையுங்கள்

பாத்திரம் உருவாக்குவது சுவையான வேலைதான், ஆனால் முதல் நாளுக்கு வேண்டாம். ஐந்தாறு பாத்திரங்களை அட்டையில் எழுதி மேசையில் பரப்புங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். என் அட்டைகளில் பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த தமிழாசிரியை, சிங்கப்பூர் ஆற்றில் படகு ஓட்டும் மாமா, கப்பல் பட்டறை வெல்டர், இரவு வேலை முடித்துவரும் தாதி, அருங்காட்சியகக் காவலாளி, எதையும் படம் பிடிக்கும் பாலிடெக்னிக் மாணவன் எல்லாரும் உண்டு. மந்திரவாதி என்றால் எப்படிப் பேசுவது என்று யோசிப்பவர்கூட படகோட்டி மாமாவாக உடனே பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கேள்வியையும் எழுதிவையுங்கள்: "இந்தக் காவலாளியை நீங்கள் ஏன் நம்புவதில்லை?" பதிலை அவர்களே சொல்லட்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கதையில் அவர்களுக்கும் பங்கு வந்துவிடும்.

4. ஊர் அறிந்த கதை, மூன்றே காட்சி

நான் எப்போதும் சிங்கப்பூர்க் கல்லைத்தான் எடுப்பேன். 1819இல் ஆற்று முகத்துவாரத்தில் கண்டெடுத்த பெரிய பாறை அது, சுமார் 50 வரி எழுத்து அதில் இருந்தது. 1843இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, அதில் உள்ளதை இன்றுவரை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. பாடாங் என்ற பலசாலி தூக்கி எறிந்த கல் என்று மலாய்க் கதை சொல்கிறது. ஒரு மர்மத்துக்கு வேண்டியது எல்லாமே இதில் இருக்கிறது, நாம் புதிதாக எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை.

முதல் காட்சி அரும்பொருளகத்தில், இரவு. இரண்டாவது ஆற்றில், படகில், தொலைந்த இன்னொரு துண்டைத் தேடி. வழிகாட்டுவது நீர்நாய்க் கூட்டம். (நிஜத்திலும் அந்தப் பக்கம் நீர்நாய்கள் உண்டு என்பதால் ஆட்டக்காரர்கள் முகம் மலர்ந்துவிடும்.) மூன்றாவது ஃபோர்ட் கேனிங் குன்றில், ஒரு காலத்தில் புக்கிட் லாராங்கான், அதாவது தடை செய்யப்பட்ட குன்று, என்று அழைக்கப்பட்ட இடத்தில். அங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எழுத்தைச் சேர்த்துப் படிப்பதா, துண்டை ஆற்றிலேயே திரும்பப் போடுவதா? எது சரி என்று நீங்கள் தீர்மானித்து வைக்காதீர்கள்.

5. தொடங்கும் முன் இரண்டு நிமிடம்

எந்த விஷயம் கதையில் வரக்கூடாது என்று கேளுங்கள். ஆவிகள் உலவும் என்று சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்தில் ஆவிக் கதை வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம், சாமி பெயரை இழுக்க வேண்டாம் என்று இன்னொருவர். சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் பரப்பிய எக்ஸ் அட்டை முறையும் உண்டு: எக்ஸ் போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் இருக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவோம், காரணம் கேட்கக் கூடாது.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தும் பேசத் தயங்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். அவர்கள் எந்த மொழி கலந்து பேசினாலும் பேசட்டும், ஆட்டத்தின் நடுவில் யாருடைய தமிழையும் திருத்தாதீர்கள். நான் இதில் கண்டிப்பாக இருப்பேன். ஒரு தடவை சொல் திருத்தப்பட்ட பிள்ளை அந்த இரவு முழுக்க "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். திருத்தாமல் விட்டபோது, வெல்டராக ஆடிய பையன் மூன்றாம் காட்சியில் பாடாங்கின் நிழலோடு ஐந்து நிமிடம் தமிழில் வாதாடினான்.

6. ஆரம்பியுங்கள்

நீண்ட முன்னுரை வேண்டாம். நான் இப்படித் தொடங்குவேன்:

"அரும்பொருளகம் மூடி ரெண்டு மணி நேரம் ஆச்சு. கண்ணாடிக்குப் பின்னால இருக்கற கல்லுல, நேத்து இல்லாத ஒரு வரி இருக்கு. இன்னும் ஈரம் காயல. டீச்சர், நீங்கதான் பக்கத்துல நிக்கிறீங்க. என்ன செய்றீங்க?"

பெயரைச் சொல்லிக் கேட்பது முக்கியம். "எல்லாரும் என்ன செய்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டக்காரரை அல்ல, பாத்திரத்தைக் கூப்பிடுங்கள். நிஜத்தில் மாமாவிடம் மரியாதைக்காக வாயடைத்து நிற்கும் மருமகன்கூட, காவலாளி ஆகிவிட்டால் படகோட்டியை நேருக்கு நேர் கேள்வி கேட்பான்.

டீச்சர் எழுத்தைப் படிக்க முயன்றால், அதுதான் முதல் பகடை. அறிவு +3, இலக்கு 10.

7. தோல்வி வந்தால்

புதிய கதைசொல்லிகள் தடுக்கி விழுவது இங்கேதான். பூட்டைத் திறக்க உருட்டி 4 விழுந்தது, "திறக்கல" என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, பூட்டு திறந்தது, ஆனால் சத்தம் கேட்டு மாடியில் யாரோ விளக்கைப் போட்டார்கள் என்று சொல்லுங்கள். தோற்றாலும் ஏதோ ஒன்று மாற வேண்டும். கதை நகர ஒரு துப்பு கட்டாயம் தேவை என்றால், அதைப் பகடைக்கே விடாமல் சும்மா கொடுத்துவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம், என்ன விலையில் கிடைத்தது என்பதற்கு மட்டும் உருட்டுங்கள்.

நீங்கள் எழுதிவைக்காத எதையாவது அவர்கள் செய்வார்கள், நிச்சயம் செய்வார்கள். என் ஆட்டத்தில் தாதி நீர்நாய்க்குக் கட்டுப் போட்டார். அதுவே பின்னால் துண்டைத் தேடிக் கொண்டுவந்தது, நான் திட்டமிட்டதைவிட நன்றாக இருந்தது.

8. இடைவேளையும் முடிவும்

ஏழரை மணிக்குத் தே கலக்கிக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்றாம் காட்சியைச் சுருக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளலாம். எட்டரைக்கும் ஆற்றிலேயே நின்றால் குன்றுக்கு நேராகக் கொண்டுபோய்விடுங்கள், முடிவில்லாமல் எழுந்து போவதுதான் புதியவர்களுக்கு ஏமாற்றம்.

முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: எந்த இடம் பிடித்தது? பதிலை எழுதிவையுங்கள், அடுத்த கதைக்கு அதுதான் விதை. பாத்திர அட்டையை அவரவரே வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். அடுத்த சனிக்கிழமை முடியுமா என்பதை அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் கேட்டுவிடுங்கள், பிறகு குறுஞ்செய்தியில் நாள் குறிக்க ஒரு மாதம் ஆகும்.