வோஷிங் மெசினுக்குத் தண்ணி வரேல்லையோ? வால்வ் வாங்க ஓடமுதல் வலையைக் கழட்டிப் பாருங்கோ

மெசினைப் போட்டால் ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல் மட்டும் வரும் தண்ணி விழாது, இல்லாட்டி நூல் மாதிரி விழுந்து அரை மணித்தியாலமா நிரம்பும், கடைசியில எல்ஜி எண்டால் ஐஈ எண்டும் சாம்சங் எண்டால் 4ஈ இல்லாட்டி 4சி எண்டும் காட்டிப்போட்டு நிண்டிடும். உடன எல்லாரும் சொல்லுறது இன்லெட் வால்வ், அதாவது மெசினுக்குள்ள தண்ணியைத் திறந்து பூட்டுற வால்வ், பழுது எண்டு. எங்கட மாமி வீட்டில வந்து பார்த்த ஆள் அதுக்கும் மேல போய் மெசினை இயக்குற எலக்ட்ரோனிக் போர்டே எரிஞ்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். நான் பின்னேரம் போய் ஹோஸைக் கழட்டிப் பார்த்தால் வால்வின்ர வாயில இருக்கிற சின்ன வலை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. பத்து நிமிசத்து வேலை.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது, கேத்தில் அடியில படியிற அதே வெள்ளைதான் இதுக்குள்ளயும் படியுது. அதோட கறண்ட் போய் மேல ராங் ஒட்ட வத்தி, பிறகு மோட்டர் போட்டு நிரப்பேக்க அடியில கிடந்த மண்டி எல்லாம் கிளம்பி நேர மெசினுக்குத்தான் வரும், மாரி காலத்தில கேக்கவே வேண்டாம்.

அதால முதல் வேலை வலை. பிளக்கை சுவரில இருந்து கழட்டுங்கோ, சுவிச்சை மட்டும் நிப்பாட்டினால் காணாது. பைப்பைப் பூட்டிப்போட்டு வாளியைக் கீழ வைச்சு ஹோஸைக் கழட்டினால் வால்வுக்குள்ள பிளாஸ்ரிக் வலை தெரியும், நடுவில ஒரு சின்ன முளை இருக்கும், குறட்டால அதைப் பிடிச்சு நேர இழுத்தால் வரும். தேசிக்காய்ப் புளியிலயோ வினாகிரியிலயோ அரை மணித்தியாலம் ஊறவிட்டு பழைய பல்லு பிரஸ்ஸால தேய்ச்சுக் கழுவுங்கோ. சில ஹோஸில பைப் பக்கமும் ஒரு வலை இருக்கும், அதையும் மறக்காதேங்கோ. ஒரு விசயம், அடிக்கடி அடைக்குது எண்டு வலையை எறிஞ்சுபோட்டு மெசினை ஓட்டாதேங்கோ. மண் உள்ளுக்குப் போய் ரப்பருக்கும் அது அமந்து பூட்டுற விளிம்புக்கும் இடையில மாட்டினால் வால்வ் பூட்டாது, பக்கத்து வீட்டு அண்ணை உப்பிடிச் செய்து விடிய எழும்பேக்க குசினி வரைக்கும் தண்ணி.

வலை சுத்தம், ஆனாலும் தண்ணி இன்னும் மெதுவாத்தான் வருது எண்டால் பிரஷரைப் பாருங்கோ. ஹோஸை வாளிக்குள்ள விட்டு பைப்பை முழுக்கத் திறவுங்கோ, 10 லீற்றர் வாளி நிரம்ப மூண்டு நாலு நிமிசம் எடுத்தால் பிழை மெசினில இல்லை. கனக்க மெசினுக்குக் குறைஞ்சது 0.3 பார் (தண்ணி அழுத்தத்தின்ர அளவு) வேணும், சிலதுக்கு 0.5, மெசினோட வந்த புத்தகத்தில போட்டிருக்கும். தண்ணி ஒரு மீற்றர் உயரம் நிண்டால் 0.1 பார், அப்ப 0.3க்கு மூண்டு மீற்றர் வேணும். இதில ஆக்கள் பிழை விடுறது எங்க எண்டால் ராங்கை நிலத்தில இருந்து அளக்கிறது. அளக்க வேண்டியது மெசின் வால்வில இருந்து ராங் தண்ணி மட்டம் வரைக்கும். மூண்டு மீற்றர் ஸ்ராண்டில ராங் இருக்கு, வால்வ் ஒரு மீற்றர் உயரத்தில இருக்கு எண்டால் ராங் வத்துற நேரம் ரெண்டு மீற்றர்தான் மிஞ்சும், அதாவது 0.2 பார். புது வால்வ் போட்டும் அதே கதைதான். மற்றது, இந்த வால்வ் பூட்டுறதுக்கும் தண்ணியின்ர அழுத்தம்தான் ரப்பரை மேல இருந்து அமத்திப் பிடிக்குது, அதால பிரஷர் குறைஞ்சால் திறக்கவும் கஸ்ரம், சொட்டுச் சொட்டா ஒழுகவும் செய்யும். ராங்கை உயர்த்துறது இல்லாட்டி ஒரு சின்ன பிரஷர் பம்ப் போடுறதுதான் வழி.

இப்ப எதிர்ப்பக்கம், மெசினை நிப்பாட்டியும் தண்ணி உள்ளுக்குப் போய்க்கொண்டே இருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. கழட்டியும் வருது எண்டால் வால்வுக்குள்ள ரப்பரோ ஸ்பிரிங்கோ மாட்டிட்டுது, வால்வைத்தான் மாத்தோணும். கழட்டினோடன நிண்டுது எண்டால் வால்வில பிழை சொல்லாதேங்கோ, தண்ணி மட்டம் பார்க்கிற பிரஷர் சுவிச் இல்லாட்டி போர்ட்.

வலையும் பிரஷரும் சரி, ஆனால் தண்ணி சொட்டும் வரேல்ல எண்டால் வால்வைக் கறண்டில திறக்கிற கொயிலை (கம்பிச்சுருளை) மல்டிமீற்றரால பாருங்கோ. பிளக் கழண்டே இருக்கட்டும். முன்னுக்குத் திறக்கிற மெசின் எண்டால் பின்னால ரெண்டு ஸ்குறூவைக் கழட்டி மேல் மூடியைப் பின்னுக்குத் தள்ளித் தூக்கலாம், மேலால திறக்கிறது எண்டால் பெரும்பாலும் பின்பக்க மேல் பனலுக்குள்ள இருக்கும். வயர் கழட்டமுதல் போனில ரெண்டு மூண்டு படம் எடுங்கோ, ஞாபகம் இருக்கும் எண்டு நினைக்கிறதுதான் பிழை. மீற்றரை 20 கிலோ ஓம்ஸில வைச்சு கொயிலின்ர ரெண்டு தகட்டிலயும் பிடிச்சால் 230 வோல்ட் வால்வுக்கு 3க்கும் 5க்கும் இடையில கிலோ ஓம்ஸ் காட்டோணும். இடப்பக்கம் 1 மட்டும், இல்லாட்டி ஓஎல் எண்டு காட்டினால் கொயில் அறுந்திட்டுது. சில மெசினில 12 வோல்ட் டிசி வால்வ் வரும், அதுக்கு இந்தக் கணக்கு சரிவராது, கொயிலில என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ. மீற்றர் இல்லையெண்டால், ரெண்டு கொயில் இருக்கிற வால்வில (ஒண்டு சோப் தட்டுக்கு, மற்றது சொவ்ற்னர் தட்டுக்கு) ரெண்டும் ஒரே மாதிரி எண்டால் வயரை மாத்திப் போட்டு, மூடியைப் பூட்டி, ஓட்டிப் பாக்கலாம், இப்ப மற்ற தட்டால தண்ணி விழுந்தால் முதல் கொயில்தான் பழுது. கறண்ட் இருக்கேக்க உள்ளுக்குக் கை வைச்சு வோல்ட் அளக்கிற வேலை பழக்கமில்லாத ஆக்களுக்கு வேண்டாம்.

வால்வ் வாங்கப் போகேக்க பழசைக் கையோட கொண்டுபோங்கோ. எத்தனை கொயில், வாய் நேராப் போகுதோ வளைஞ்சு போகுதோ, ஸ்குறூ ஓட்டை எங்க, எத்தனை வோல்ட், இவ்வளவும் ஒத்துப்போனால் வேற கொம்பனியின்ர வால்வும் பூட்டலாம். கனடாவில இருக்கிற மச்சானிட்டச் சொல்லி எடுப்பிக்கலாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஒண்டு, அங்கத்தைய வால்வ் 120 வோல்ட், இஞ்ச போட்டால் கொயில் எரியும். லண்டனில இருந்து வந்தால் பரவாயில்லை, அங்கயும் 230தான்.

மாத்துற வேலை உண்மையில லேசு. வயரைக் கழட்டேக்க வயரில பிடிச்சு இழுக்காமல் பிளாஸ்ரிக் மூக்கில பிடிச்சுக் கழட்டுங்கோ. உள்பக்க ரப்பர் குழாயின்ர கிளிப்பைக் குறட்டால அமத்தி நகர்த்தி, குழாய் ஒட்டிப்போய் இருந்தால் திருகிக் கழட்டுங்கோ, வெட்டாதேங்கோ. பிறகு பின்னால ஸ்குறூவைக் கழட்டினால் வால்வ் கையில. புதுசைப் பூட்டமுதல் வாயில வைச்சு ஒருக்கா ஊதிப் பாருங்கோ, காத்துப் போகக்கூடாது. குழாயை நல்லா உள்ளுக்குத் தள்ளி கிளிப்பைப் பழைய இடத்திலயே விடுங்கோ.

ஹோஸை இறுக்கிறதிலதான் கனபேர் கெடுக்கிறது. புது வோஷர் போட்டு கையால இறுக்கினால் காணும், குறடு போட்டு இறுக்கினால் பிளாஸ்ரிக் புரி வெடிக்கும், த்ரெட் டேப்பும் இந்த இடத்துக்குத் தேவையில்லை, தண்ணியை மறிக்கிறது வோஷர்தான்.

மூடியைப் போடமுதல் பிளக் இல்லாமலே பைப்பை மெள்ளத் திறந்து பத்து நிமிசம் விடுங்கோ, மூட்டுகளில ரிசு பேப்பர் சுத்திவிட்டால் சின்ன ஈரமும் தெரிஞ்சிடும். காய்ஞ்சிருந்தால் மூடியைப் பூட்டி, உடுப்புப் போடாமல் ஒரு றின்ஸ் ஓட்டிப் பாருங்கோ, சோப் தட்டாலயும் சொவ்ற்னர் தட்டாலயும் தண்ணி வரோணும், தட்டு மாறி வந்தால் வயர் மாறிப் போச்சு, போனில எடுத்த படத்தைப் பாருங்கோ. பழைய வால்வை எறியமுதல் அதின்ர வலையைக் கழட்டி வைச்சுக்கொள்ளுங்கோ, உள்ளதைக் கழட்டி ஊறப்போடுற நேரம் அதைப் போட்டு மெசினை ஓட்டலாம்.