எஃப்டிபி லாகின் ஆகுது, லிஸ்ட் வரல: லினக்ஸ் ஃபயர்வால்ல எதைத் திறக்கணும், எதைத் திறக்கக் கூடாது

ஃபைல் அனுப்ப, வாங்க எஃப்டிபி சர்வர் போட்டாச்சு, ஃபயர்வால்ல 21ஆம் போர்ட்டையும் திறந்தாச்சு, யூசர்நேம் பாஸ்வேர்ட் எல்லாம் ஏத்துக்குது, ஆனா ஃபோல்டர் லிஸ்ட் மட்டும் வராம அப்படியே நின்னுடுது. நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான். கடுப்புல 1024லேர்ந்து 65535 வரைக்கும் மொத்தமா திறந்து விட்டுடாதீங்க. லிஸ்ட் வந்துடும், ஆனா சர்வர்ல ஓடுற டேட்டாபேஸும் சேர்ந்து வெளிய தெரிய ஆரம்பிச்சிடும்.

அதுக்கு முன்னாடி, எஃப்டிபியேதான் வேணுமான்னு ஒருதடவை யோசிச்சுக்கோங்க. சாதா எஃப்டிபில பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தா போகுது, நடுவுல எவன் பார்த்தாலும் படிச்சுடலாம். எஸ்எஃப்டிபி பேர்தான் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா அது வேற ஆளு, தூரத்துல இருக்குற சர்வர்ல பத்திரமா லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச் மேல ஓடுது, லாகினும் ஃபைலும் எல்லாமே 22ங்கிற ஒரே போர்ட்ல முடிஞ்சுடும். முடிஞ்சா அதுக்கே போங்க.

ஃபயர்வால் ரூல் போட யூஎஃப்டபிள்யூங்கிற டூலை வெச்சிருந்தா "சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் 22/டிசிபி"ன்னு முதல்ல குடுத்துட்டு, அப்புறம்தான் "எனேபிள்". தூரத்துல இருக்குற சர்வர்னா இந்த வரிசையை மாத்தவே மாத்தாதீங்க, நான் ஒருதடவை மாத்திட்டு வெளிய நின்னிருக்கேன். எனேபிள் பண்ணதும் பழைய செஷனை மூடாம, புதுசா இன்னொரு டெர்மினல்ல லாகின் பண்ணிப் பாருங்க, ஏன்னா ஏற்கனவே இருக்குற கனெக்‌ஷன் பெரும்பாலும் அறுபடாது, அதை நம்பி எல்லாம் சரின்னு நெனச்சுடுவோம். இன்னும் பத்திரமா வேணும்னா அஞ்சு நிமிஷம் கழிச்சு ஃபயர்வாலைத் தானா டிஸேபிள் பண்ற மாதிரி சிஸ்டம்டி-ரன்ங்கிற லினக்ஸ் கமாண்ட்ல ஒரு டைமர் போட்டு வெச்சுட்டு, லாகின் ஓகேன்னா அதை நிறுத்திடுங்க.

"அலவ்"க்கு பதிலா "லிமிட்"னு குடுத்தா, ஒரே ஐபிலேர்ந்து 30 செகண்டுக்குள்ள 6 தடவை கனெக்‌ஷன் வந்தா தடுத்துடும். நல்ல விஷயம்தான், ஆனா ஒரே நேரத்துல நிறைய கனெக்‌ஷன் போடுற கிளையன்ட்டும் இதுல சிக்கும். அனுப்புறவங்க ஐபி மாறாதுன்னா, அந்த ஐபிக்கு மட்டும் 22ஐத் திறக்குறதுதான் பெஸ்ட்.

சரி, எஃப்டிபி கட்டாயம்னு வெச்சுக்கோங்க. இதுல ரெண்டு பாதை இருக்கு. 21ல பேச்சு மட்டும்தான் நடக்கும், லிஸ்ட்டும் ஃபைலும் தனியா இன்னொரு போர்ட்ல போகும். பேஸிவ் மோட்ல அந்த போர்ட் எதுன்னு சர்வர்தான் சொல்லும். கிளையன்ட் லாக்ல 227ன்னு ஆரம்பிக்கிற வரியைப் பாருங்க, அடைப்புக்குள்ள "192,0,2,10,187,44" மாதிரி ஆறு எண் இருக்கும். முதல் நாலு ஐபி. கடைசி ரெண்டுல, முன்னாடி இருக்குறதை 256ஆல பெருக்கி அடுத்ததைக் கூட்டுங்க: 187 பெருக்கல் 256, கூட்டல் 44, அதாவது 47916. கிளையன்ட் அங்க போய்த் தட்டுது, ஃபயர்வால் திறக்கல, அதான் தொங்குது.

கெர்னல்ல இந்த 227 வரியைப் படிச்சு தானா வழி விடுற ஹெல்ப்பர் ஒண்ணு இருக்கு, ஆனா டிஎல்எஸ்ங்கிற என்க்ரிப்ஷன் போட்டா அந்த வரியும் என்க்ரிப்ட் ஆயிடும், அதால படிக்க முடியாது. டிஎல்எஸ் இல்லாம எஃப்டிபியை வெளிய விடவே கூடாது, அதனால போர்ட் ரேஞ்சை நாமளே கட்டிப் போடுறதுதான் வழி.

எஃப்டிபி சர்வர் சாஃப்ட்வேர் விஎஸ்எஃப்டிபிடின்னா, அதோட கான்ஃபிக் ஃபைல்ல பேஸிவ் மினிமம் போர்ட் 30000, மேக்ஸிமம் 30050ன்னு வைங்க. ஏன் 30000ன்னா, லினக்ஸ் தான் வெளிய போற கனெக்‌ஷனுக்கு வழக்கமா 32768லேர்ந்து 60999 வரைக்கும் எடுத்துக்கும், அதோட மோதாம இருக்கட்டும். அதே ஃபைல்ல எஸ்எஸ்எல்லை (டிஎல்எஸ்ஸுக்கு இங்க இருக்குற பேர்) ஆன் பண்ணி, லாகினுக்கும் டேட்டாவுக்கும் கட்டாயமாக்கிடுங்க. சர்வர் நாட் (உள்ளூர் ஐபியை வெளி ஐபியா மாத்துற ரவுட்டர்) பின்னாடி இருந்தா பேஸிவ் அட்ரஸ்ல வெளி ஐபியைக் குடுக்கணும், இல்லாட்டி 227ல உள்ளூர் ஐபி போயிடும்.

இப்ப ஃபயர்வால்ல எஃப்டிபிக்காக 21/டிசிபியும் 30000:30050/டிசிபியும் மட்டும் அலவ். யூஎஃப்டபிள்யூக்கு பதிலா ஃபயர்வால்டிங்கிற டூல்னா, அதுல ரேஞ்சுக்கு நடுவுல கோலனுக்குப் பதிலா ஹைஃபன், கூடவே "பெர்மனென்ட்" சேர்த்து, கடைசில ரீலோட். பெர்மனென்ட் இல்லேன்னா ரீபூட்ல ரூல் போயிடும், ரீலோட் இல்லேன்னா இப்ப வேலை செய்யாது. கிளவுட் சர்வர்னா அவங்க பேனல்ல இருக்குற ஃபயர்வால் தனி, அங்கயும் இதே ரேஞ்சைத் திறக்கணும்.

விஎஸ்எஃப்டிபிடியை ரீஸ்டார்ட் பண்ணிட்டு வெளி நெட்வொர்க்லேர்ந்து கனெக்ட் பண்ணுங்க, மறுபடி 227 வரியைக் கணக்கு போடுங்க. கடைசி ரெண்டு எண் 117, 58ன்னு வந்தா 30010, ரேஞ்சுக்குள்ளதான் இருக்கு, லிஸ்ட் வந்துடும்.