தற்காப்புக் கலை வகுப்பில் சேரும் முன்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அலமாரியில் அடுக்கிய கோப்பைகளைவிட, தவறு செய்த குழந்தையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். அடியோ கேலியோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 1882-இல் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோவில், அடிபடாமல் விழுவதுதான் ஆரம்பப் பாடம். விழக் கற்றுத்தராமலே தூக்கி எறியப் பழக்கும் இடம் வேண்டாம்.

பெரியவர்கள் சேரும்போது மூட்டுவலி, பழைய காயம் பற்றி ஆசிரியர் முதல் நாளே விசாரிக்க வேண்டும். இத்தனை மாதத்தில் கறுப்புப் பட்டை என்று உறுதி தருபவரை நான் நம்புவதில்லை. பட்டைத் தேர்வுக் கட்டணத்தையும் முன்பே கேட்டுவிடுங்கள். பெற்றோர் உள்ளே வந்து பார்க்கக் கூடாது என்றால், பிள்ளையை அங்கே சேர்க்கவே சேர்க்காதீர்கள்.