ஜிபி கிளினிக்கில் அவசர அப்பாயின்ட்மென்ட்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அது இலவசம். பாஸ்போர்ட், முகவரிச் சான்று கேட்கலாம். ஆனால் அவை இல்லை என்பதற்காக மட்டும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை 8 மணிக்கே போன் போடுங்கள், அல்லது நேரில் போங்கள். ஆன்லைன் படிவம் பெரும்பாலும் அவசரமில்லாத விஷயங்களுக்குத்தான்.

போனை எடுக்கும் ரிசெப்ஷனிஸ்ட் “என்ன பிரச்சினை?” என்று கேட்பார். டாக்டரிடம் சொல்வதை இவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று நம்மில் பலர் தயங்குகிறோம். தயங்காதீர்கள். யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவாகிறது. அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அந்தரங்கமான விஷயம் என்றால் அதையே சொல்லுங்கள், போதும்.

“பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் காய்ச்சல்” என்றால் யாருக்கும் அவசரம் புரியாது. “நேற்று இரவிலிருந்து 39 டிகிரி செல்சியஸ். பாராசிட்டமால் கொடுத்தும் சோர்ந்தே கிடக்கிறான். எதுவும் குடிக்கவில்லை, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை” என்று சொல்லுங்கள். மரியாதைக்காக நோயைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் இங்கே ஆபத்து. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளையைப் பேச வைக்காதீர்கள்.

சில சமயம் மருந்துக்கடைக்குப் போகச் சொல்வார்கள். அது தட்டிக்கழிப்பதல்ல. 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு நோய்களுக்கு, வயது வரம்புக்குள் இருந்தால், மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்.

கிளினிக் மூடியிருந்தால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது என்றால் ஜிபியை நினைக்கவே வேண்டாம், நேராக ஆம்புலன்ஸுக்கான அவசர எண் 999. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஜிபியையோ, கிளினிக் மூடியிருந்தால் 111-ஐயோ அழையுங்கள்.

அப்புறம், டாக்டர் திரும்ப அழைப்பார் என்று சொன்னால் போனைக் கையிலேயே வைத்திருங்கள். பல கிளினிக்குகளின் அழைப்பில் எண் தெரியாது. விளம்பரக்காரர் என்று விட்டுவிடாதீர்கள். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் மறுபடி போன் போட்டு, என்ன மாறியது என்று சொல்லுங்கள்.