பெண்கள் சைக்கிள் பந்தயம்: பார்க்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஆகஸ்ட் 18. ஆல்ப் டுவெஸ் மலையின் உச்சியில் எல்லைக்கோட்டை முதலில் தாண்டியவர் நெதர்லாந்தின் டெமி வோலரிங். அன்றைய வெற்றி அவருக்கு. ஆனால் எட்டுக் கட்டங்களாக (கட்டம் என்பது ஒரு தனி ஓட்டம்) ஏழு நாள் நடந்த பெண்கள் டூர் டி பிரான்ஸின் கோப்பை, அவருக்குப் பின் நான்காவதாக மலையேறி வந்த போலந்தின் கஷா நியெவியதோமாவுக்குப் போனது. முதலில் வந்தவர் எப்படித் தோற்றார் என்று புரியாமல் தவித்தவர்கள் பலர். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறே இதுதான். யார் முன்னால் போகிறார் என்று மட்டும் பார்க்கிறார்கள், கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

பல நாள் பந்தயத்தில் ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டுவார்கள். மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவருக்கே மஞ்சள் ஜெர்சி. கடைசி நாள் காலையில் வோலரிங் நியெவியதோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கியிருந்தார். மாலையில் அவர் கோட்டைத் தொட்ட பிறகு நியெவியதோமா வந்து சேர 1 நிமிடம் 1 விநாடி ஆனது. ஆக, 61 விநாடி மீண்டது. அன்று முதலில் வந்ததற்குச் சலுகையாக 10 விநாடி கழிக்கப்பட்டது. 75இல் 71 போக, மிச்சம் 4. அந்த நான்கு விநாடிதான் வித்தியாசம். இந்தக் கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டே அந்த ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் மலையேற்றம் அல்ல. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் மூன்றாம் இடத்தோடு திரும்பிய நியெவியதோமா, கோட்டைத் தாண்டியதும் தரையில் சரிந்தார். எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

அந்த 75 விநாடி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது அடுத்த தவறு. மூன்று நாள் முன்பு, ஐந்தாம் கட்டத்தில், அம்னெவில் நகரை நெருங்கும் வேளையில் ஒரு பெரும் விபத்து. மஞ்சள் ஜெர்சியில் இருந்த வோலரிங்கும் அதில் விழுந்தார். அன்றைய கட்டத்தை வென்றது அவருடைய அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ். தலைவி பின்னால் தனியே போராடிக்கொண்டிருக்கும்போது அணியினர் ஏன் நின்று உதவவில்லை என்ற கேள்வி அன்றிரவே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. இதைத் தனிநபர் போட்டி என்று நினைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே புரியாது. ஓர் அணியில் ஏழு பேர். ஒருவர் வெல்வதற்காக மற்ற ஆறு பேரும் உழைப்பார்கள்: தண்ணீர்க் குப்பி வாங்கிவந்து தருவார்கள், முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்கள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு வந்து சேர்ந்தவர் யாருக்கும் இது விளக்காமலே விளங்கும். முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்குப் பாதிச் சுமை இறங்கியது போலிருக்கும். பெலோட்டான் என்று சொல்லப்படும் அந்தப் பெருங்கூட்டம் ஒட்டி ஒட்டிப் போவது இதனால்தான். கூட்டத்தின் நடுவே ஒளிந்திருப்பவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். கடைசி ஐந்து கிலோமீட்டருக்காகக் கால் வலுவைச் சேமித்து வைக்கிறார்.

இதே கூட்டம் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் சாட்சி. 2021 ஜூலையில் நடந்த அந்தச் சாலைப் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே சிலரோடு பிய்த்துக்கொண்டு போனார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழில்முறை அணி எதிலும் அப்போது இல்லாதவர். அவரைப் பெரிய அணிகள் பொருட்படுத்தவில்லை. ஒலிம்பிக்கில் அணியிடமிருந்து தகவல் கேட்கக் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. முன்னால் போனவர்களில் மற்றவர்களைப் பிடித்ததும் எல்லோரையும் பிடித்தாயிற்று என்று நெதர்லாந்து அணி நினைத்தது. அந்த அணியின் அன்னமீக் ஃபான் ஃப்ளோய்டன் கையை உயர்த்தித் தங்கம் வென்ற மகிழ்ச்சியோடு கோட்டைத் தாண்டினார். கீசன்ஹோஃபர் 75 விநாடி முன்பே வென்றிருந்தார். இதை வேடிக்கைச் செய்தியாகப் பலர் எழுதினார்கள், அது எனக்கு வருத்தம். சுமார் 40 கிலோமீட்டர் தூரம் தன்னந்தனியாக, தன் தாகத்தையும் வெயிலையும் தானே கணக்குப் போட்டு ஓட்டிய ஒருவரின் வெற்றி அது. அடுத்தவரின் மறதி என்று அதைச் சுருக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

தூரம் குறைவு என்றால் திறமை குறைவா?

"ஆண்கள் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள், பெண்கள் 150தானே" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அந்தக் குறைந்த தூரத்தை விதித்தது விதிப்புத்தகம். பெண்களின் பெரிய பந்தயங்களுக்கு ஒரு நாளைக்கு 160 கிலோமீட்டர் என்று சர்வதேசச் சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டத் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தபோது, 2022இல், பார்-லெ-டுக்கிலிருந்து சான்-தியே வரை 175.6 கிலோமீட்டர் ஓட்டினார்கள். பந்தயம் சிறிதாக இருப்பதால் தாக்குதல் முன்னதாகவே தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்கள் பந்தயத்தில் பல சமயம் முதல் மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இழப்பில்லை. பெண்கள் பந்தயத்தில் அப்படி விட்டால் முக்கியமானதைத் தவறவிட்டிருப்பீர்கள்.

வேகத்தை ஒப்பிடுபவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒரு சம்பவம். பெல்ஜியத்தில் ஒம்லூப் பந்தயம். ஆண்கள் புறப்பட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பெண்களை அனுப்பினார்கள். சுவிட்சர்லாந்தின் நிக்கோல் ஹன்செல்மன் தனியாக முன்னேறினார். முன்னேறி முன்னேறி, ஆண்கள் பந்தயத்தின் பின்னால் வரும் வண்டிகளையே எட்டிவிட்டார். அதிகாரிகள் அவரை நிறுத்திவைத்தார்கள். மீண்டும் விட்டபோது அவர் ஈட்டிய இடைவெளியும் வேகமும் போயிருந்தன. அன்று அவர் முடித்தது 74ஆம் இடத்தில். உலகமெங்கும் சிரிப்புச் செய்தியாகச் சுற்றிய அந்தக் காட்சியில், தடுக்கப்பட்டவரின் பந்தயம் அங்கேயே முடிந்துபோனது என்பதைச் சொன்னவர்கள் குறைவு.

புதிதாக முளைத்ததல்ல

பெண்கள் டூர் டி பிரான்ஸ் 2022இல் தொடங்கியது என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. 1955இலேயே ஐந்து நாள் பந்தயம் ஒன்று நடந்தது. மான் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன் வென்றார். 1984இல் டூர் அமைப்பாளர்களே 18 கட்டங்கள் கொண்ட பந்தயத்தை, ஆண்கள் ஓட்டிய அதே நாள்களில், நடத்தினார்கள். அமெரிக்காவின் மேரியான் மார்ட்டின் வென்றார். அவருக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் சுமார் 1,000 டாலரும். அதே ஆண்டு ஆண்களில் வென்ற லோரான் ஃபிஞோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1989க்குப் பின் அந்தப் பந்தயம் நின்றது. 2013இல் மரியானே வோஸ், எம்மா பூலி முதலான வீராங்கனைகள் கையெழுத்து இயக்கம் நடத்திக் கேட்ட பிறகே 2014இல் ஒரு நாள் பந்தயம் மட்டும் கிடைத்தது. எனவே 2022ஐத் 'தொடக்கம்' என்று எழுதினால், கேட்டுக் கேட்டு வாங்கியவர்களின் உழைப்பு காணாமல் போய்விடும். 'மீண்டும் தொடங்கியது' என்று எழுதுங்கள்.

வளர்ச்சி என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுவது இதன் மறுபக்கம். 2021 அக்டோபரில் பாரிஸ்–ரூபே என்ற ஒரு நாள் பந்தயம் பெண்களுக்கு முதன்முறையாக நடந்தது. ஆண்களுக்கான பந்தயம் 1896லிருந்தே இருக்கிறது. மழையில் நனைந்து சேறு பூசிய கருங்கல் பாதை. பிரிட்டனின் லிஸ்ஸி டேக்னன், அன்று அணியின் முதல் நம்பிக்கையாக இல்லாதவர், 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். கையுறை அணிந்திருக்கவில்லை. பந்தயம் முடிந்தபோது கைப்பிடியைச் சுற்றிய வெள்ளை நாடாவில் அவருடைய ரத்தம். பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் வென்றவருக்கு 30,000 யூரோ.

பரிசுத்தொகையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் போதாது. வீராங்கனையின் வீட்டில் அடுப்பு எரிவது மாதச் சம்பளத்தால். மேல்தட்டு அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயமானது 2020இல்தான், அப்போது ஆண்டுக்கு 15,000 யூரோ. பேறுகால விடுப்பும் அதோடு வந்தது. அதற்கு முன்பே, 2018இல், கருவுற்றிருந்த டேக்னனை ஓர் அணி ஒப்பந்தம் செய்தது. குழந்தை பிறந்த பிறகு ஓட்ட வந்தவர்தான் அந்தக் கருங்கல் பாதையில் வென்றார். ஆனால் அந்த உத்தரவாதம் அப்போது மேல்தட்டு அணிகளுக்கே. கீழ்த்தட்டில் இன்னமும் வேறு வேலை பார்த்துக்கொண்டு பந்தயம் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சியும் இப்படித்தான் வந்தது. குறைந்தது 45 நிமிடம் நேரலை இருக்க வேண்டும் என்று மேல்தட்டுப் பந்தயங்களுக்கு யு.சி.ஐ. விதித்தது. அதை நிறைவேற்றாத இத்தாலியின் புகழ்பெற்ற பல நாள் பந்தயமான பெண்கள் ஜிரோ, 2021இல் ஒரு படி கீழே இறக்கப்பட்டது. 'யாரும் பார்ப்பதில்லை, அதனால் காட்டுவதில்லை' என்பவர்கள் வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். காட்டத் தொடங்கிய பிறகே கூட்டம் சேர்ந்தது.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் பார்த்துவிட்டு மற்ற மாதங்களை விடுவது இழப்பு. வசந்தகாலத்து ஒரு நாள் பந்தயங்களில்தான் எதிர்பாராத பெயர்கள் மேலே வரும். 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தை மொரிஷியஸின் கிம் லெ கூர் வென்றார். அந்தக் கோடையில் அவரே டூரின் மஞ்சள் ஜெர்சியையும் அணிந்தார்.

கடைசியாக, பெயர்கள். முடிவுப் பட்டியலில் 2024இல் நியெவியதோமா, 2025இல் நியெவியதோமா-ஃபினி என்று பார்த்து இரண்டு பேர் என எண்ணிவிடாதீர்கள், ஒருவரே. ஃபினி என்பது கணவர் குடும்பத்தின் பெயர். அவருடைய மாமியார் கானி கார்ப்பென்டர்-ஃபினி. பெண்களுக்கான சாலைப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்த 1984இல், லாஸ் ஏஞ்சலிஸில், அரைச் சக்கரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தங்கம் வென்றவர்.