மேட்டு மண்ணென்றால் பழசு, சிவந்தால் சத்தில்லை: அவசரத் தீர்ப்புகள்

பர்மாவில் பெகுப் பக்கமும் சித்தாங் ஆற்றை ஒட்டியும் நிலம் வைத்திருக்கும் நம் ஆட்களிடம் மண்ணைப் பற்றிக் கேட்டால் இரண்டு தீர்ப்பு உடனே வரும். மேடென்றால் பழைய மண். சிவப்பென்றால் சத்துப் போன மண். பாதி சரி, மீதிப் பாதியில்தான் காசு வீணாகிறது.

ஆறு தன் படுகையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது, முன்பு வெள்ளம் பரவிய தளம் மேலேயே தங்கிவிடும். அதுதான் படிமேடு. வெள்ளம் வருவது நின்ற பிறகு அங்கே புழு, எறும்பு, வேர் எல்லாம் சேர்ந்து வண்டல் அடுக்குகளைக் கலைத்துவிடும். அப்புறம் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து இறக்கும், நுண்ணிய களியையும் கூடவே இறக்கும். இரும்பு துருவேறி மண் சிவக்கும். அடுக்கு கலைவதற்குச் சில பத்தாண்டுகள் போதும். களி இறங்கிச் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

உயரத்தை மட்டும் பார்த்து வயது சொல்வதுதான் பெரிய தவறு. ஒரே இடத்தில் வரிசையாக இருக்கும் படிகளில் மேலே இருப்பது பொதுவாகப் பழையதுதான். ஆனால் பத்து மைல் தள்ளி அதே உயரத்தில் இருக்கும் மேட்டுக்கு அதே வயது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, நிலநடுக்கத்தை உண்டாக்கும் சகாயிங் நிலப்பிளவு வேறு நம் பக்கமாக ஓடுகிறது. 1930 மே மாதம் பெகுவை இடித்ததும், 2025 மார்ச்சில் மண்டலையை உலுக்கியதும் அதுதான். பெரும்பாலும் பக்கவாட்டில் நகரும் பிளவு என்றாலும் சில இடங்களில் நிலத்தைத் தூக்கவும் தாழ்த்தவும் செய்யும். அதுபோக, மேடு பழையதாகவே இருந்தாலும் பழைய மேல்மண் அரித்துப் போய், சரிவிலிருந்து வந்த புது மண் மூடியிருக்கலாம்.

நிறமும் ஏமாற்றும். மலையில் ஏற்கெனவே சிவந்த மண், போன மழைக்குப் படுகையில் படிந்திருந்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். நீர் தேங்கும் பழைய மேடோ சாம்பல் பூத்துக் கிடக்கும்.

ஆகவே குழி வெட்டுங்கள். இரண்டு முழ ஆழத்தில் ஒரு கட்டியை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். பிட்ட முகத்திலும் வேர்த் துளைகளிலும் மெழுகு பூசினாற்போல் மினுமினுப்பு இருந்தால், அது மேலிருந்து இறங்கிய களி. பழைய மண்ணுக்கு நல்ல அடையாளம். மினுமினுப்பில் உரசிய கோடுகள் தெரிந்தால் கதை வேறு. அது வெடிப்புக் களி; விரிந்து சுருங்கும்போது கட்டிகள் ஒன்றோடொன்று தேய்ந்ததால் வந்தது.

நெல் வயலில் ஒரு முழத்துக்குள்ளேயே இறுகிய தட்டு ஒன்று தட்டுப்படும். அதை ஆற்றின் வேலை என்று எழுதி வைக்காதீர்கள். சேற்று உழவு உண்டாக்கியது அது. அறுவடைக்குப் பின் போடும் உளுந்தின் வேர் அங்கேதான் முட்டி நிற்கும்.

கடைசியாக, வயலாக்குவதற்கு மேட்டை வழித்துச் சமப்படுத்துவது. அடியில் இரும்பு மிகுந்த செம்பூறா அடுக்கு இருந்தால், வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்து கல்லாகிவிடும். மறுபடி நனைத்தாலும் இளகாது. தாட்டோன் பக்கத்துப் பழைய பகோடாக்களுக்கு வெட்டி அடுக்கிய கல் அதுதான். சமப்படுத்தியே ஆக வேண்டுமென்றால், முதலில் குழி வெட்டிப் பார்த்துவிட்டு, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திருப்பிப் பரப்பச் சொல்லுங்கள்.